கடைசி மணியும் மரியாதை விதியும்

உலகத்தில் வேலை செய்கிறவர்கள் ஒரு ரகம். செய்த வேலை நேராக நிற்கிறதா, கோணலாக நிற்கிறதா என்று தள்ளி நின்று பார்க்கிறவர்கள் இன்னொரு ரகம். நகரத்துப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் பொதுவான கணினி அலுவலகம் என்று ஒன்று இருந்தது. அங்கே முதல் ரகத்தில் மிச்சம் இருந்தவர் ஒரே ஒருத்தர்தான். அவரை மணிக்காரர் என்று கூப்பிடுவார்கள். ஊரில் உள்ள அத்தனை பள்ளிக்கூடங்களிலும் மணி அடிப்பது அவர் எழுதிய நிரல். காலையில் முதல் மணி, இடைவேளை மணி, சாப்பாட்டு மணி, சாயங்காலம் நாலு மணிக்குக் கடைசி மணி, எல்லாம் தானாக அடிக்கும். அந்த அலுவலகத்துக்கும் அதே மணிதான். மற்றவர்கள் எல்லோரும் ஒழுங்குக் குழுவில் இருந்தார்கள்.

இந்த ஒழுங்குக் குழு எப்படிப் பிறந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். மேலிடத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி ஒருநாள் வந்தார். கை கழுவும் இடம் எங்கே என்று தேடிக்கொண்டு போனவர், வழியில் யாரோ ஒருவருடைய கணினித் திரையை எட்டிப் பார்த்து, "வரியெல்லாம் உள்ளேயும் வெளியேயுமா இருக்கே" என்றார். சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். அவ்வளவுதான். அன்றைக்கே ஒரு குழு, அதற்கு ஒரு தலைவர், ஒரு நீள மேஜை, ஒரு ரப்பர் முத்திரை எல்லாம் வந்துவிட்டன. நிரல் எழுதுகிறவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உறுப்பினர் ஆக்கினார்கள். மணிக்காரரை மட்டும் விட்டுவிட்டார்கள், மணி அடிக்க ஆள் வேண்டுமே.

குழுவின் வேலை என்ன என்றால், எடிட்டரை ஒழுங்குபடுத்துவது. நிரல் எழுதுவதற்கென்று இருக்கிற மென்பொருளுக்கு எடிட்டர் என்று பெயர். அதில் ஒரு வசதி உண்டு. எழுதியதைச் சேமித்த உடனே, எந்த வரி ஓரத்தில் நிற்க வேண்டும், எந்த வரி உள்ளே தள்ளி நிற்க வேண்டும் என்று பார்த்து, அதுவே இழுத்துப் பிடித்து நேராக்கிவிடும். எப்படி நேராக்க வேண்டும் என்று அமைப்புக் கோப்பில் சொல்லிவைத்தால் போதும். மற்ற இடங்களில் இதை ஒரு ஆள், கையில் இருக்கிற டீ ஆறுவதற்குள் எழுதிவிட்டு வேலையைப் பார்க்கப் போவான். இவர்களுக்கு இது மூன்று வருஷம் பிடித்தது.

கடைசியில் ஒருவழியாக அந்த நாள் வந்தது. காலையில் திறப்பு விழா. ஒரு கணினிக்குக் குறுக்கே ரிப்பன் கட்டியிருந்தார்கள். தலைவர் கத்தரிக்கோலை வாங்கி ரிப்பனை வெட்டினார், அதோடு சேர்ந்து மவுஸ் ஒயரும் துண்டாகிப் போயிற்று. எல்லோரும் கைதட்டினார்கள். இன்னொரு மவுஸ் கொண்டுவந்து வைத்த பிறகு தலைவர் பேசினார்.

"நான் இதுவரைக்கும் ஒரு வரி நிரல்கூட எழுதினது கிடையாது. அதனாலதான் என்னால நடுநிலையா இருக்க முடியுது. எழுதறவங்களுக்கு எழுதினது மேல பாசம் வந்துடுது. அது ஓடணும், வேலை செய்யணும்னு ஆசைப்பட ஆரம்பிச்சுடறாங்க. எனக்கு அந்தப் பலவீனம் இல்லை."

பிறகு புது விதியை அறிவித்தார். அதன் பெயர் மரியாதை விதி. "மேல இருக்கிற வரி உள்ளே தள்ளி அடக்கமா நிக்குது. அதுக்குக் கீழ இருக்கிற வரி மட்டும் ஓரத்துக்கு வந்து முன்னால நீட்டிக்கிட்டு நிக்குது. இது என்ன பழக்கம்? பெரியவங்க உள்ளே உக்காந்திருக்கும்போது சின்னவங்க வாசல்ல காலை நீட்டிக்கிட்டு உக்காருவாங்களா? இனிமே மேல் வரி உள்ளே போயிடுச்சுன்னா, கீழ் வரி அதைத் தாண்டி வெளியே வரக் கூடாது. எடிட்டரே பாத்துக்கும்."

சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மணிக்காரர் மட்டும் எழுந்தார். கையைத் தூக்கி, "ஐயா, நாம எழுதற மொழியில ஓரத்துல விடற இடம் அழகுக்காக இல்லை. ஒரு வரி உள்ளே போனா, அது மேல இருக்கிற நிபந்தனைக்குக் கட்டுப்பட்டதுன்னு அர்த்தம்..." என்று ஆரம்பித்தார்.

"கேள்வியெல்லாம் கடைசியில" என்றார் தலைவர். கடைசியில் டீ வந்துவிட்டது.

மணிக்காரரும் அன்றைக்கு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் மனசு ஸ்டேஷனில் இருந்தது. மனைவியின் தம்பிக்கு மறுநாள் காலையில் வேறு ஊரில் கல்யாணம். சாயங்காலம் ஆறு மணி ரயிலை விட்டால் வேறு ரயில் இல்லை. மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கடைசி மணி அடித்ததும் அங்கிருந்து அவளும், அலுவலகத்திலிருந்து இவரும் நேராக ஸ்டேஷனுக்குப் போய்விடுவது என்று ஏற்பாடு. பெட்டியைக்கூட அவள் பள்ளிக்கூடத்துக்கே எடுத்துப் போய்விட்டாள்.

காலையில் கிளம்பும்போது அவள் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் மணிக்காரர் நிம்மதியாக இருந்திருப்பார். செருப்பை மாட்டிக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னாள். "என் தங்கச்சி கல்யாணத்துக்கு நீங்க வரலை, ஆபீஸ்ல வேலைன்னீங்க. அப்பா புது வீட்டுக்குப் போனப்ப வரலை, ஆபீஸ்ல வேலைன்னீங்க. என் தம்பி கல்யாணத்துக்கும் வரலேன்னா, நான் போயிட்டு வரேன்னு சொல்ல மாட்டேன். போறேன்னுதான் சொல்வேன்." சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். அவள் கணக்கு டீச்சர், ஒரு விடையைச் சொன்னால் மாற்ற மாட்டாள் என்பது அவருக்குத் தெரியும்.

மத்தியானம் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தின் பெயரில் ஒரு எழுத்து தப்பாக இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். மணிக்காரர் மணி நிரலைத் திறந்தார், எழுத்தைத் திருத்தினார், சேமித்தார். திரை லேசாக ஒருமுறை குலுங்கிற்று. கண் அசந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு மூடிவிட்டார். அன்றைக்கு அந்த அலுவலகத்தில் ஒரு நிரலைத் திறந்து கைவைத்த ஒரே ஆள் அவர்தான், மற்றவர்கள் எல்லாம் கூட்டத்தில் இருந்தார்கள்.

நாலு மணி ஆயிற்று. மணி அடிக்கவில்லை.

போன் வந்தது. "என்னங்க, மணி அடிக்கலை" என்றாள் மனைவி.

"அடிச்சிருக்குமே."

"நான் கிளாஸ்லதான் நிக்கறேன். பிள்ளைங்க எல்லாம் பையை மாட்டிக்கிட்டு என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு இருக்காங்க."

"அப்போ விட்டுட வேண்டியதுதானே."

"மணி அடிக்காம விடக் கூடாதாம். ஹெட்மாஸ்டர் வாசலை மறிச்சுக்கிட்டு நிக்கறார். மணி அடிக்காம விட்டா அது பள்ளிக்கூடம் விட்டதாகாதாம், பிள்ளைங்க ஓடிப்போனதாத்தான் கணக்காம்."

மணிக்காரர் அவசர அவசரமாக நிரலைத் திறந்தார். கடைசி மணிக்கான இடம் மூன்று வரிதான். முதல் வரி, இன்று விடுமுறையா என்று கேட்கும். இரண்டாவது வரி உள்ளே தள்ளி நிற்கும், விடுமுறை என்றால் காலை மணி அடிக்காதே என்று சொல்லும். மூன்றாவது வரி ஓரத்தில் தனியாக நிற்கும், விடுமுறையோ இல்லையோ நாலு மணி ஆகிவிட்டால் கடைசி மணியை அடி என்று சொல்லும். அப்படித்தான் அவர் எழுதியிருந்தார். இப்போது மூன்றாவது வரியும் இரண்டாவது வரிக்கு நேர் கீழே, கைகட்டி, அடக்கமாக உள்ளே நின்றுகொண்டிருந்தது. அதாவது, விடுமுறை நாளாக இருந்தால் மட்டும்தான் கடைசி மணி அடிக்கும்.

"அடப்பாவிகளா" என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

ஆனாலும் பெரிய காரியம் ஒன்றுமில்லை. ஒரு வரியை நாலு இடம் இடது பக்கம் இழுத்தால் தீர்ந்தது. இழுத்தார். சேமித்தார். வரி துள்ளிக்கொண்டு மறுபடி உள்ளே போய் நின்றது. மறுபடி இழுத்தார், மறுபடி போயிற்று. சேமிக்கிற விசையை மெதுவாக, சத்தம் கேட்காமல், எடிட்டருக்குத் தெரியாத மாதிரி அழுத்திப் பார்த்தார். அப்போதும் போயிற்று. காலையில் எழுப்பினால் போர்வைக்குள்ளேயே திரும்பத் திரும்பப் புகுந்துகொள்ளும் பிள்ளையை வைத்துக்கொண்டு அம்மாக்கள் படும் பாட்டை அவர் பட்டார்.

சரி, இந்தத் தானியங்கி வசதியையே அணைத்துவிடலாம் என்று அமைப்புக் கோப்பைத் தேடினார். அது பூட்டியிருந்தது. திறக்கிற சாவிச்சொல் குழுவிடம் மட்டும்தான் இருந்தது. வேறு எடிட்டர் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தால், ஒழுங்கின்மையைத் தூண்டும் கருவிகள் என்று சொல்லிப் போன மாதமே எல்லாவற்றையும் அழித்துவிட்டிருந்தார்கள். அப்படியே எங்கிருந்தாவது எழுதிக் கொண்டுவந்தாலும், நிரல்களை ஓட்டுகிற சர்வரின் வாசலில் ஒரு சோதனை வைத்திருந்தார்கள். மரியாதை விதிக்கு உட்படாத நிரலை அது உள்ளேயே விடாது. வேறு வழியில்லாமல் மணிக்காரர் கூட்ட அறைக்கு ஓடினார்.

கூட்டம் அமோகமாக நடந்துகொண்டிருந்தது. வழக்கமாக நாலு மணிக்குக் கலைந்துவிடுகிற கூட்டம்தான். அன்றைக்குக் கடைசி மணி அடிக்காததால், அலுவல்முறைப்படி நேரம் இன்னும் நாலு ஆகவில்லை என்று தலைவர் தீர்ப்புச் சொல்லியிருந்தார். இவ்வளவு நேரம் கிடைத்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். விஷயம் என்னவென்றால், வரியை உள்ளே தள்ளுவதற்கு டேப் விசையைப் பயன்படுத்துவதா, ஸ்பேஸ் விசையைப் பயன்படுத்துவதா என்பது. அதில் இரண்டு கட்சி. ஒன்றுக்கு டேப் அண்ணன் தலைமை, இன்னொன்றுக்கு ஸ்பேஸ் அக்கா தலைமை.

மணிக்காரர் உள்ளே நுழையும்போது டேப் அண்ணன் மேஜையைத் தட்டிப் பேசிக்கொண்டிருந்தார். "ஒரு தட்டு. ஒரே ஒரு தட்டு. வரி போய் நிக்க வேண்டிய இடத்துல நிக்கும். எங்க அப்பா டேப், நான் டேப், என் பொண்ணு டேப். ஸ்பேஸ் குடும்பத்துலேர்ந்து வரன் வந்தப்ப, பையன் நல்லவன்தான்னு தெரிஞ்சும் வேண்டாம்னு சொன்னவன் நான்."

"டேப்புங்கறது ஏமாத்து வேலை" என்று ஸ்பேஸ் அக்கா எழுந்தார். "பாக்கறதுக்கு நாலு இடம் மாதிரி இருக்கும், உள்ளே இருக்கிறது ஒண்ணுதான். ஸ்பேஸ் அப்படி இல்லை. நாலு இடம்னா நாலு இடம். வெற்றிடம்னாலும் நேர்மையான வெற்றிடம். இந்த அலுவலகத்துல சேந்த நாள்லேர்ந்து நான் வெற்றிடத்தை மட்டும்தான் குடுத்துக்கிட்டு வரேன். இதுவரைக்கும் ஒருத்தர் குறை சொன்னதில்லை."

மணிக்காரர் நடுவில் புகுந்தார். "ஐயா, மன்னிக்கணும். ஒரே ஒரு வரியை நாலு இடம் இடது பக்கமா தள்ளணும். அதுக்கு மட்டும் ஒரு அனுமதி குடுத்துடுங்க."

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"இடது பக்கமாவா?" என்றார் தலைவர்.

"ஆமாங்கய்யா."

"அதாவது, உள்ளே போன வரியை வெளியே கொண்டுவரணும். முன்னேறினதைப் பின்னால இழுக்கணும். இந்த அலுவலகம் ஒருநாளும் பின்னால போனதில்லை, தெரியுமில்ல?"

"பிள்ளைங்க வகுப்புல மாட்டிக்கிட்டு இருக்காங்கய்யா."

"எத்தனை பிள்ளைங்க?"

"ஊர்ல இருக்கிற அத்தனை பிள்ளைங்களும்."

தலைவர் யோசித்தார். "நேரா உக்காந்திருக்காங்களா?"

"ஆமா."

"வரிசையாவா?"

"வரிசையாத்தான்."

"அப்புறம் என்ன அவசரம்?" என்றார் தலைவர். குழு ஒருமனதாகத் தலையாட்டிற்று.

இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா. மணிக்காரருடைய கோரிக்கையை ஆராய ஒரு துணைக்குழு போட்டார்கள். துணைக்குழுவில் யார் யார் இருப்பது என்று பேசியபோது எல்லோருக்கும் ஆர்வம் வந்துவிட்டதால், எல்லோரையும் போட்டார்கள். துணைக்குழு முதலில் தன் அதிகார வரம்பை ஆராய்ந்தது. அதை எழுதிக்கொண்ட குறிப்பில் ஒரு பத்தி மட்டும் உள்ளே தள்ளியிருந்ததால், அது எதற்கு மரியாதை செய்கிறது என்று ஒரு சந்தேகம் வந்து, குறிப்பைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

இதற்குள் மனைவி மறுபடி கூப்பிட்டாள். குரலில் சுண்ணாம்புத் தூள் படிந்திருந்தது. "இந்த வருஷத்துப் பாடம் முடிஞ்சு போச்சு. இப்போ அடுத்த வருஷத்துப் பாடம் நடத்திக்கிட்டு இருக்கேன். கடைசி பெஞ்சுல தூங்கற பையன்கூட இப்போ சரியா பதில் சொல்றான், பயத்துல."

"பழைய கைமணி ஒண்ணு இருந்ததே உங்க பள்ளிக்கூடத்துல?"

"அதைக் கண்ணாடிப் பெட்டியில வெச்சு, தொடாதீர்கள்னு எழுதியிருக்கு. எழுதினதே ஹெட்மாஸ்டர்தான், இப்போ அவராலயே தொட முடியலை. வாசல்ல ஒரு அப்பா சைக்கிள் மணியை அடிச்சுப் பாத்தார். அது அங்கீகாரம் இல்லாத மணின்னு சொல்லி, அவரையும் பிடிச்சு நாலாம் வகுப்புல உக்கார வெச்சிருக்காங்க."

"நான் எப்படியாவது..."

"நீங்க எப்படியாவது பண்ணுங்க, பண்ணாம போங்க" என்றாள் அவள். பிறகு, "தம்பி போன் பண்ணினான். மாமா கிளம்பிட்டாரான்னு கேட்டான். நான் என்னன்னு சொல்றது?" என்றாள். அவள் அழுகிற ஆள் இல்லை. குரல் அழுகிற மாதிரி இருந்தது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் துணைக்குழு ஊர்வலமாக அவருடைய மேஜைக்கு வந்துகொண்டிருந்தது. நேரில் பார்த்து ஆராய்வதாம். தலைவர் இரும்பு ஸ்கேலைத் திரையின் மேல் வைத்து அந்த வரியை அளந்தார். ஸ்கேலின் விளிம்பிலிருந்து அளப்பதா, பூஜ்ஜியத்திலிருந்து அளப்பதா என்று ஒரு வாக்குவாதம் நடந்தது. இரண்டு விதமாகவும் அளந்தார்கள். அளக்க அளக்க எல்லோர் முகமும் மலர்ந்தது. முதல் வரியைத் தாண்டினால் கீழே வரைக்கும் ஒரு வரிகூட வெளியே நீட்டாமல், நூல் பிடித்த மாதிரி நின்றது.

"எவ்வளவு அழகு பாருங்க" என்றார் ஸ்பேஸ் அக்கா.

"கட்சியை விட்டுட்டுச் சொல்றேன், நல்லாத்தான் இருக்கு" என்றார் டேப் அண்ணன். மூன்று வருஷத்தில் அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை, சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

தலைவர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார். மரியாதை விதியை முதன்முதலில் முழுமையாகக் கடைப்பிடித்த நிரல் இதுதான் என்று அறிவித்தார். அந்த இடத்திலேயே ஒரு பாராட்டுச் சான்றிதழ் அச்சடித்து, முத்திரை குத்தி, மணிக்காரர் கையில் கொடுத்தார். போட்டோ எடுக்க ஆள் வந்தான். மணிக்காரரைத் திரைக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். தோள் கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்திருக்கிறது என்று இரண்டு பேர் வந்து நிமிர்த்தினார்கள்.

"இந்த நிரல்ல முதல் வரியைத் தவிர ஒரு வரிகூட ஓரத்துல இல்லை" என்றார் தலைவர், போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டே.

"இது வேலையே செய்யலை, ஐயா."

"அதைப் பாக்கறதுக்கு வேற குழு போடணும். இது ஒழுங்குக் குழு" என்றார் தலைவர்.

மணிக்காரர் சான்றிதழைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. போட்டோக்காரன் கேமராவைச் சரிசெய்கிற நேரத்தில் வேறு பார்க்க எதுவும் இல்லாமல் தன் நிரலையே படித்தார். இன்று விடுமுறை என்றால், காலை மணி அடிக்காதே. இன்று விடுமுறை என்றால், நாலு மணி ஆகியிருந்தால், கடைசி மணியை அடி. மறுபடி படித்தார். மூன்றாவது முறை படித்தபோது அவருக்கு வழி தெரிந்தது.

வரியை நகர்த்த முடியாது, சரி. வரி அங்கேயே நிற்கட்டும், மகாராஜாவாக நிற்கட்டும். இன்றைக்கு விடுமுறையாகிவிட்டால் மணி அடித்துத்தானே ஆக வேண்டும். விடுமுறைப் பட்டியல் நிரலில் இல்லை, அது தனி அட்டவணை. அட்டவணையில் வரிகளை உள்ளே தள்ள வழியில்லை என்பதால் குழு அதைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. வருஷா வருஷம் மழைக்கும் தேர்தலுக்கும் லீவு விடும்போது அதில் தேதியை ஏற்றுகிறவர் மணிக்காரர்தான். மேலிடத்திலிருந்து உத்தரவு வரும், இவர் ஏற்றுவார். உத்தரவு இல்லாமல் ஏற்றினால் என்ன ஆகும் என்று அவரும் யோசித்ததில்லை, வேறு யாரும் யோசித்ததில்லை.

போட்டோ முடிந்து குழு மறுபடி கூட்ட அறைக்குள் போனதும், மணிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து அட்டவணையைத் திறந்தார். இன்றைய தேதியை ஏற்றினார். காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது, அதை நிரப்பாமல் மேலே போக விடவில்லை. புயல் என்று போடலாம் என்றால் வெளியே நல்ல வெயில். மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. மனசில் என்ன ஓடிக்கொண்டிருந்ததோ அதையே அடித்தார். "மைத்துனர் திருமணம்." அடித்துவிட்டுச் சேமித்தார்.

அடுத்த நொடி ஊர் முழுக்க மணி அடித்தது.

அப்படி ஒரு மணியை அந்த ஊர் கேட்டதில்லை. எல்லாப் பள்ளிக்கூடங்களும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்த மாதிரி பிள்ளைகள் தெருவில் கொட்டினார்கள். நாலாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த அப்பாவும் ஓடிவந்தார். அலுவலகத்திலும் அதே மணிதான், அதனால் கூட்ட அறையில் டேப் அண்ணன், "ஆகவே நான் இறுதியாகச் சொல்லிக்கொள்வது" என்றபோது மணி அடித்தது. மணிக்குப் பிறகு பேசினால் செல்லாது என்பது குழுவின் விதி. அவர் திறந்த வாயை மூடிக்கொண்டு பையை எடுத்தார். ஸ்பேஸ் அக்கா செருப்பைத் தேடினார். தலைவரை அவருடைய சுழல் நாற்காலியோடு சேர்த்துக் கூட்டம் வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்விட்டது. மணிக்காரர் அந்தக் கூட்டத்துக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்.

ஸ்டேஷனில் மனைவி பெட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். முடியெல்லாம் சாக்பீஸ் தூள், புடவையில் மசிக்கறை. அவரைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க எரிந்து விழுந்தாள். "என்னைப் பாத்தா கல்யாணத்துக்குப் போற பொம்பளை மாதிரியா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கே."

"பொய் சொல்லாதீங்க. ஏறுங்க முதல்ல."

ரயில் கிளம்பியது. ஊர் பின்னால் போகப் போக மணிக்காரருக்குப் பயம் முன்னால் வந்தது. என்ன காரியம் செய்துவிட்டோம்! வேலை போய்விடும், நிச்சயம் போய்விடும். ஜன்னலோரம் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் மனைவியிடம் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. "காரணம்னு என்ன போட்டீங்க?" என்று மட்டும் கேட்டாள். சொன்னார். அவள் நகர்ந்து அவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. தலைவர். மணிக்காரர் எழுந்து நின்று எடுத்தார். மனைவி காதைப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"சார்" என்றார் தலைவர். மணிக்காரரை அவர் அதுவரை சார் என்று கூப்பிட்டதில்லை. "விடுமுறைப் பட்டியலைப் பாத்தோம் சார். மைத்துனர் திருமணம்னு போட்டிருக்கு."

"ஐயா, அது வந்து..."

"யாரோட மைத்துனர்னு நாங்க கேக்கலை சார். கேக்கறது மரியாதை இல்லை. ஒரே சொல்லுல ஊருக்கே லீவு விடணும்னா அது எவ்வளவு பெரிய இடத்து மைத்துனரா இருக்கணும்னு எங்களுக்குப் புரியாதா? இவ்வளவு நாள் உங்களை ஒரு மூலையில உக்கார வெச்சிருந்தோமே, அதை மனசுல வெச்சுக்காதீங்க. எங்க வருத்தம் வேற. கல்யாணம் நாளைக்குன்னு பேசிக்கறாங்க. நீங்க இன்னிக்கு ஒரு நாள்தான் லீவு போட்டிருக்கீங்க. கல்யாணத்தன்னிக்கே ஊர் வேலை செஞ்சா பெரிய இடத்துல என்ன நினைப்பாங்க? எங்க தலைதானே உருளும்? எத்தனை நாள் போடலாம்னு நீங்களே சொல்லிடுங்க. ஆபீஸ் படிக்கட்டுலயே நின்னு தீர்மானம் போட்டுடறோம்."

மணிக்காரர் வாயைத் திறந்தார். மனைவி போனை வாங்கிக்கொண்டாள்.

"மூணு நாள் போடுங்க" என்றாள், வகுப்பில் வீட்டுப்பாடம் சொல்கிற குரலில்.

அந்தப் பக்கம் யாரோடோ கலந்து பேசுகிற முணுமுணுப்புக் கேட்டது. "அம்மா, தப்பா எடுத்துக்கக் கூடாது. டேப் கட்சியும் ஸ்பேஸ் கட்சியும் இப்பதான் ஒரு வழியா சமாதானத்துக்கு வந்திருக்காங்க. இனிமே இந்த அலுவலகத்துல எதை எடுத்தாலும் அது நாலோட மடங்கா இருக்கணும்னு முடிவாயிருக்கு. மூணுன்னா கொஞ்சம் கோணலா தெரியும்."

"அப்போ எட்டு போடுங்க."

"எட்டு ரொம்ப அழகா இருக்கும்மா" என்றார் தலைவர். பெரிய இடத்துக்குக் குழுவின் வணக்கத்தைச் சொல்லச் சொல்லிவிட்டு வைத்தார்.

மனைவி அதே போனில் தம்பியைக் கூப்பிட்டு, "நீங்களே சொல்லுங்க, நான் சொன்னா நம்ப மாட்டான்" என்று இவர் கையில் கொடுத்தாள்.

"மாப்ளே, ரயில்ல இருக்கேன். வந்துக்கிட்டே இருக்கேன்" என்றார் மணிக்காரர்.

அந்தப் பக்கம் கல்யாண வீட்டு இரைச்சல். பையனுக்கு நம்பிக்கை வரவில்லை. "நிஜமாவா மாமா? உங்க ஆபீஸ்ல உங்களுக்கு லீவு குடுத்துட்டாங்களா?"

"இல்லை மாப்ளே" என்றார் மணிக்காரர். "நான்தான் அவங்களுக்குக் குடுத்தேன்."